ஒரு பாட்டில் கலரும் குடியாத்தம் பஸ்ஸும்

கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு மத்தியானம் காட்பாடியில் குடியாத்தம் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் ஒரு அப்பா, மடியில் ஐந்து வயசு மதிக்கத்தக்க பையன். பையன் கையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பத்து ரூபாய் பாட்டில். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் அதைக் ‘கலர்’ என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்கு யாராவது வந்துவிட்டால் “ஓடிப் போயி ரெண்டு கலர் வாங்கியா” என்று பிள்ளைகளைக் கடைக்கு விரட்டுவார்கள். லத்தேரி தாண்டும்போது பாட்டிலில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. கே.வி.குப்பத்தில் பாதி. குடியாத்தத்தில் இறங்கும்போதும் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மிச்சம்.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அப்பாவே சொன்னார்: “ஒரு நாளைக்கு ஒண்ணுதான் சார் வாங்கித் தருவேன். அதையும் கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணும்னு சொல்லி வெச்சிருக்கேன். மடமடன்னு குடிச்சா சளி புடிச்சிக்கும் பாருங்க.”

பொறுப்பான மனிதர். அளவு வைத்திருக்கிறார், பிள்ளையும் சொன்ன பேச்சைக் கேட்கிறான். ஆனால் அவன் சிரித்தபோது மேல்வரிசை முன்பற்கள் நான்கும் பாதி கரைந்து, பழுப்புக் குச்சிகளாக ஈறில் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பற்களைக் கெடுத்ததில், அவர் நல்லதென்று நினைத்துச் சொல்லிக்கொடுத்த அந்த ‘கொஞ்சம் கொஞ்சமாக’வுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. சர்க்கரை என்றதும் நாமெல்லாம் எத்தனை ஸ்பூன் என்று கேட்கிறோம். உடம்பு எடைக்கும் நீரிழிவுக்கும் அது சரியான கேள்விதான். பல்லுக்கு அதைவிட முக்கியமான கேள்வி வேறு: எத்தனை தடவை, எவ்வளவு நேரம்?

ஏன் என்று புரிய வேண்டுமானால் ‘பூச்சிப் பல்’ என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். பல்லைப் பூச்சி அரிக்கிறது என்று நம் ஊரில் மட்டுமல்ல, உலகத்தின் பல மூலைகளிலும் நம்பினார்கள். கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு, அந்தப் புகையை வாயில் பிடித்து, கிண்ணத்தில் விழுந்த வெள்ளைத் துணுக்குகளைக் காட்டி “பாருங்க, பூச்சி” என்று சொல்லும் வைத்தியம் எங்கள் ஆயா காலத்தில் சாதாரணம். விழுந்தது விதைதான். ஆனாலும் பூச்சி என்ற எண்ணம் முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பல்லின் மேல் கூட்டமாகத்தான் வாழ்கின்றன. அவற்றில் முக்கியமானது ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்’ என்ற பாக்டீரியா. 1924-இல் அடையாளம் கண்டார்கள். இது பல்லைக் கடிப்பதில்லை. நாம் குடிக்கும் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கழிக்கிறது. பல்லைக் கரைப்பது அந்த அமிலம். நம் சாதாரணச் சர்க்கரையிலிருந்து ஒருவகைப் பசையையும் இது தயாரித்துக்கொண்டு பல்லோடு ஒட்டிக்கொள்கிறது. காலையில் விரலால் தேய்த்தால் வழவழவென்று வருகிறதே, அந்தப் படலம்தான் இதன் வீடு.

பல்லின் மேலோடான எனாமல், நம் உடம்பிலேயே கெட்டியான பொருள். ஆனால் அமிலத்திடம் அதன் கெட்டித்தனம் எடுபடாது. அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். என்ற அளவுகோலில் 7 நடுநிலை. கீழே போகப் போக அமிலம் கூடும். வாயில் அது ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்கும். 1940-களில் ராபர்ட் ஸ்டெஃபன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவ ஆய்வாளர், சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளித்தவர்களின் பல் படலத்தில் இதை நிமிஷக் கணக்கில் அளந்து பார்த்தார். சில நிமிஷங்களிலேயே பி.எச். சரிந்து அடியைத் தொட்டது. பிறகு எச்சில் மெல்ல மெல்ல அமிலத்தை முறித்து, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குக் கொண்டுவந்தது. அந்த வரைகோடு இன்றைக்கும் அவர் பெயரில்தான் பாடப் புத்தகங்களில் இருக்கிறது.

இதை அந்தப் பஸ்ஸில் வைத்துப் பாருங்கள். பையன் காட்பாடியிலேயே பாட்டிலை ஒரே மூச்சில் காலி செய்திருந்தால், லத்தேரிக்கு முன்பே அமிலம் உச்சத்துக்குப் போயிருக்கும். கே.வி.குப்பம் வருவதற்குள் எச்சில் தன் வேலையைத் தொடங்கியிருக்கும். குடியாத்தம் போய்ச் சேரும்போது வாய் கிட்டத்தட்டத் தேறியிருக்கும். அவனோ ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வாய் குடித்தான். ஒவ்வொரு வாய்க்கும் கடிகாரம் மறுபடி பூஜ்ஜியத்துக்குப் போனது. வழி முழுக்க ஒரு நிறுத்தத்தில்கூட அவன் எச்சிலுக்கு இறங்க இடம் கிடைக்கவில்லை. அதே பாட்டில், அதே சர்க்கரை. பல் அமிலத்தில் ஊறிய நேரம் மட்டும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு.

எச்சிலைப் பற்றி நாம் மரியாதையாகப் பேசுவதே இல்லை. ஆனால் பல்லைக் காப்பதில் அதற்கு ஈடு எந்தப் பற்பசையும் இல்லை. அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் அதில் இருக்கிறது. கரைந்துபோன இடத்தை மறுபடி அடைக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் இருக்கின்றன. பல் தினமும் கொஞ்சம் கரைவதும், எச்சில் தினமும் கொஞ்சம் பூசி மெழுகுவதும் பல் முளைத்தது முதல் நடக்கும் வரவு செலவு. செலவு வரவை மிஞ்சும்போதுதான் சொத்தை.

வேலூர் வெயிலுக்கு இங்கேதான் வேலை. மே மாதம் பத்திரிகைகளில் ‘வெயில் சதம் அடித்த ஊர்கள்’ பட்டியல் வரும்போது எங்கள் ஊர் அதில் விடாமல் இடம் பிடிக்கும். சுற்றிலும் பாறை மலைகள், கடற்காற்று எட்டாத தூரம், மணல் மட்டும் ஓடும் பாலாறு. (தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்கள். 1981-இல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டதால் ஒன்று குறைந்தது. ஆறு அப்படியேதான் இருக்கிறது.) இந்த வெயிலில் தெருவில் கிரிக்கெட் ஆடிவிட்டு வரும் பிள்ளையின் வாய் உலர்ந்திருக்கும். உடம்பில் நீர் குறைந்தால் எச்சில் சுரப்பதும் குறையும். நாக்கு வறண்டு ஒட்டுகிற அந்த நேரத்தில்தான் கடையில் கலர் வாங்கிக் குடிக்கிறான். பல்லுக்குக் காவல் மிகக் குறைவாக இருக்கும் நேரம் பார்த்துச் சர்க்கரையும் அமிலமும் சேர்ந்து உள்ளே போகின்றன. குளிர்ப் பிரதேசத்துப் பிள்ளை சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு கிளாஸும் இதுவும் பல்லுக்கு ஒன்றில்லை.

‘தடவை’தான் முக்கியம் என்று உறுதியாகச் சொல்லவைத்த பழைய ஆய்வு ஒன்று உண்டு. கொஞ்சம் கசப்பான கதை. சுவீடனில் லுண்ட் நகருக்குப் பக்கத்தில் விபேஹோல்ம் என்ற மனநலக் காப்பகம் இருந்தது. 1945-இலிருந்து சில ஆண்டுகள் அங்கே இருந்த அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களை வைத்துச் சர்க்கரைக்கும் சொத்தைக்குமான தொடர்பை ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவினருக்குச் சாப்பாட்டோடு சேர்த்துச் சர்க்கரை. இன்னொரு பிரிவினருக்குப் பல்லில் ஒட்டிக்கொள்ளும் டாஃபி, அதுவும் சாப்பாட்டுக்கு நடுநடுவே, ஒரு நாளைக்கு 24 வரை. சாப்பாட்டோடு சர்க்கரை சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. நடுநடுவே டாஃபி மென்றவர்களின் பற்கள் பாழாயின. சம்மதம் சொல்லவோ மறுக்கவோ தெரியாத மனிதர்களின் வாயில் செய்த சோதனை அது. இன்றைக்கு எந்த நாட்டிலும் இதற்கு அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. அதன்பின் அந்த நாட்டில் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்ற பழக்கம் பரவியது. வாரம் முழுக்கச் சிறுகச் சிறுகத் தின்பதைவிட ஒரே நாளில் தின்று தீர்ப்பது மேல் என்பதுதான் அதன் தர்க்கம். நம் ஊர்ப் பக்கம் சந்தை நாளில் மட்டும் பொரி உருண்டையும் மிட்டாயும் வீட்டுக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. யாரும் ஆய்வு செய்து வைத்த ஏற்பாடில்லை, கையில் காசு இல்லாததால் வந்த ஏற்பாடு. பல்லுக்கு நல்லதாகத்தான் முடிந்தது.

இதற்காக அளவைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வழக்கமான கோலாவில் 100 மி.லி.க்குப் பத்து, பதினொரு கிராம் சர்க்கரை. 200 மி.லி. பாட்டில் என்றால் 21 கிராம் வாக்கில், ஐந்து டீஸ்பூன். சேர்க்கும் சர்க்கரையிலிருந்து வரும் கலோரி மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, முடிந்தால் இருபதில் ஒரு பங்குக்குள் வையுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. அந்த இருபதில் ஒரு பங்குக்கு அது காட்டிய காரணமே பல் சொத்தைதான். ஐந்து வயசுப் பிள்ளைக்கு அது ஏறத்தாழ 17 கிராம் வரும். ஒரு சின்ன பாட்டிலிலேயே தாண்டியாகிவிட்டது. காலையில் குடித்த பாலில் போட்ட சர்க்கரையை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. 2022-இல் அதே நிறுவனம் கொடுத்த கணக்குப்படி உலகத்தில் சுமார் 51 கோடி பிள்ளைகளுக்குப் பால் பல்லில் சொத்தை.

சர்க்கரை இல்லாத கோலா வாங்கித் தந்தால் தப்பித்துவிடலாமா? பாதிதான். பானத்திலேயே அமிலம் இருக்கிறது: கோலாவில் பாஸ்பாரிக் அமிலம், ஆரஞ்சு, எலுமிச்சை வகைகளில் சிட்ரிக் அமிலம். கோலாவின் பி.எச். 2.5 வாக்கில். இந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால், எனாமல் கரையத் தொடங்கும் 5.5-ஐவிட அது ஆயிரம் மடங்கு அமிலம். பாக்டீரியாவின் உதவி இல்லாமலேயே எனாமலை அரிக்கும். சொத்தை ஓரிடத்தில் குழி போடும். இந்த அரிப்பு பல்லை மொத்தமாகத் தேய்த்து மழுக்கி, ஜில்லென்று எது பட்டாலும் கூசவைக்கும். சர்க்கரைக் கலரில் இரண்டும் நடக்கின்றன, சர்க்கரையில்லாததில் ஒன்று மட்டும். வெறும் கோலி சோடா இந்த விஷயத்தில் பரம சாது. உப்புப் போட்ட லெமன் சோடாவில் சர்க்கரை இல்லை, அமிலம் உண்டு; எப்போதாவது குடித்தால் குடி முழுகாது.

“பால் பல்லுதானே, வுழுந்துட்டு வேற மொளைக்கப் போவுது” என்பது எங்கள் வீட்டு ஆயாவின் தீர்ப்பு. இதை மாற்றுவது சர்க்கரையை நிறுத்துவதைவிடக் கடினம், ஏனென்றால் பாதி உண்மை. விழத்தான் போகிறது. எப்போது என்பதுதான் விஷயம். முன்பற்கள் ஆறேழு வயசில் விழும். கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயசு வரை இருந்து சோற்றை அரைக்க வேண்டும். அவை சொத்தையாகி நாலு வயசிலேயே பிடுங்கப்பட்டால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பின்னால் முளைக்கும் நிரந்தரப் பல் இடமில்லாமல் கோணலாக வரும். பால் பல்லின் எனாமல் மெல்லியது, நிரந்தரப் பல்லில் இருப்பதில் ஏறத்தாழப் பாதி. அதனால் சொத்தை வேகமாக உள்ளே இறங்கி நரம்பைத் தொட்டுவிடும். பால் பல்லுக்கும் வேர் உண்டு, நரம்பு உண்டு, சீழ் கட்டும், முகம் வீங்கும், ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை அலறும். மென்றால் வலிப்பதால் சோற்றை ஒதுக்கிவிட்டுப் பாலும் பிஸ்கட்டும் கேட்கும். வீட்டில் “சரியா சாப்பிட மாட்டேங்கறான்” என்று சத்து மாவுப் பானம் வாங்கி வருவார்கள். அதிலும் சர்க்கரை. (2024 ஏப்ரலில் ஒன்றிய அரசு, இத்தகைய பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற தலைப்பில் விற்கக் கூடாது என்று இணைய வணிகத் தளங்களுக்குச் சொன்னது. வீட்டு அலமாரியில் அவை எந்தத் தலைப்பில் இருக்கின்றன என்பது வேறு கதை.)

பெரும்பாலான பெற்றோர் கோட்டைவிடுவது ஆறு வயசுப் பல்லை. அந்த வயசில், பால் பற்கள் எதுவும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எதுவும் விழாததால் யாரும் கவனிப்பதில்லை. அதையும் பால் பல் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அது நிரந்தரப் பல். எண்பது வயசு வரை கூட வர வேண்டியது. புதிதாக முளைத்த எனாமல் இன்னும் முழுசாக இறுகியிருக்காது, மேலே ஆழமான பள்ளங்கள் வேறு. ஒன்றாம் வகுப்புக்குப் போகிற, முதன்முதலாகக் கையில் பத்து ரூபாய் கிடைக்கிற வயசும் அதுதான். பள்ளிக்கூட வாசல் கடையில் அந்தப் பத்து ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறை சொல்கிறது. உங்கள் பிள்ளையின் பள்ளி வாசலில் நின்று 50 மீட்டரை எட்டு வைத்து அளந்து பாருங்கள்.

பஸ்ஸில் பார்த்த பையனுக்கு வருவோம். அவனுக்கு மேல் முன்பற்கள் நான்கும் போய், கீழ் முன்பற்கள் நன்றாகவே இருந்தன. அது கலர் மட்டும் செய்த வேலை இல்லை. அந்த அமைப்பைப் பார்த்தாலே பல் மருத்துவர்கள் பால் புட்டியைத்தான் சொல்வார்கள். சர்க்கரை போட்ட பாலைப் புட்டியில் ஊற்றி வாயில் வைத்தபடியே தூங்கவைத்தால், பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும். கீழ்ப் பற்களை நாக்கு மூடிக் காக்கும். நாக்குக்கடியில் சுரக்கும் எச்சிலும் அவற்றைக் கழுவிக்கொண்டே இருக்கும். தூக்கத்திலோ எச்சில் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. பஸ்ஸில் ஒரு மணி நேரம் நடந்தது ராத்திரி முழுக்க நடக்கும். குழந்தைகளின் இருமல் மருந்து, காய்ச்சல் மருந்துகளும் பெரும்பாலும் சர்க்கரைக் கரைசல்தான். படுக்கும் முன் மருந்து கொடுத்தால் பின்னாலேயே இரண்டு மடக்குத் தண்ணீர் கொடுப்பது நல்லது.

வேலூர்க்காரனாக எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலை இன்னும் மேம்படுத்தும் ஆராய்ச்சி எங்கள் ஊர் சி.எம்.சி.யில் நடந்தது. எளிதில் செரிக்காத ஒருவகை மாவுச்சத்தை ஓ.ஆர்.எஸ்.ஸோடு சேர்த்தால் காலரா நோயாளிகள் சீக்கிரம் தேறுகிறார்கள் என்று அங்கிருந்த ஆய்வாளர்கள் 2000-இல் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழி’ல் எழுதினார்கள். உலகம் திரும்பிப் பார்த்த வேலை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ்.ஸில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். இதே எழுத்துகளைப் பெயரில் ஒட்டிக்கொண்டு, இதைப் போல எட்டு ஒன்பது மடங்கு சர்க்கரையோடு அட்டைப் பெட்டிப் பானங்கள் மருந்துக் கடைகளிலேயே பல வருஷம் விற்றன. பேதியில் வாடும் பிள்ளைக்கு அவ்வளவு சர்க்கரை கொடுத்தால் பேதி கூடும் என்பது முதல் ஆபத்து. வெயில் நாளில் பேதியே இல்லாத பிள்ளைக்கும் ‘தெம்புக்கு’ என்று ஸ்ட்ரா குத்தி ஒன்று கொடுத்து, அதை அது ஒரு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டிருப்பது பல்லுக்கு வந்த ஆபத்து. ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக்கணக்கில் போராடியதன் பலனாக, சரியான அளவில் இல்லாத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல் வரக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பெயர் போனாலும் பெட்டிக்குள் இருப்பது அதே சர்க்கரைத் தண்ணீராக இருக்கலாம் என்பதால், பின்பக்கப் பொடி எழுத்தைப் படிக்கும் வேலை நம் தலையில்தான்.

‘நம்முடைய’ பானங்களுக்கும் ஒரு வார்த்தை. 2017-இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூட்டில், மார்ச் 1 முதல் அந்நியக் கோலாக்களை விற்க மாட்டோம் என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தன. கொஞ்ச நாளைக்கு போவண்டோவுக்கும் உள்ளூர்ப் பன்னீர் சோடாவுக்கும் நல்ல யோகம். தண்ணீருக்காகவும் உள்ளூர் வியாபாரத்துக்காகவும் எடுத்த முடிவு அது. அதில் நியாயம் இருந்தது. ஆனால் பல்லின் மேல் இருக்கும் பாக்டீரியா முகவரி பார்த்துச் சர்க்கரை தின்பதில்லை. நன்னாரி சர்பத், ரோஸ்மில்க், கரும்புச் சாறு எல்லாமே அதற்கு விருந்துதான். வெல்லமும் கருப்பட்டியும் போட்டால் சத்து கொஞ்சம் கூடும், சொத்தை குறையாது. இளநீரில் சர்க்கரை குறைவு. மோர் புளிப்பாக, அமிலமாக இருந்தாலும் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்திருப்பதால் எனாமலை அரிப்பதில்லை. வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்குப் போயிருப்பவர்களுக்குத் தெரியும், அந்தக் கூட்டத்திலும் வெயிலிலும் ஒரு டம்ளர் நீர்மோர் என்ன அமிர்தம் என்று. கேழ்வரகுக் கூழும் வெங்காயமும் அதே கட்சி. தண்ணீர்ப் பந்தலில் ரஸ்னாவும் ரோஸ்மில்க்கும் ஊற்றுபவர்கள் புண்ணியத்துக்குத்தான் செய்கிறார்கள், குறை சொல்ல மனம் வரவில்லை. மோருக்கே திரும்பினால் செலவும் குறையும் என்று மட்டும் சொல்லிவைக்கலாம்.

விலையால் இதைக் கட்டுப்படுத்த முடியுமா? பிரிட்டன் 2018 ஏப்ரலில் ஒரு வரி போட்டது. 100 மி.லி.க்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் ஒரு தொகை, 8 கிராமைத் தாண்டினால் இன்னும் அதிகம். நிறுவனங்கள் வரிக்குப் பயந்து சர்க்கரையையே குறைத்தன. அதன் பிறகு அங்கே பல் பிடுங்குவதற்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும் பிள்ளைகள், வரி இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய எண்ணிக்கையைவிட 12 சதவீதம் குறைந்ததாக 2023-இல் வந்த ஆய்வு சொன்னது; நாலு வயசுக்குட்பட்டவர்களிடம் பலன் இன்னும் அதிகம். நம் நாட்டிலும் கலருக்கு 40 சதவீத ஜி.எஸ்.டி. இருக்கிறது. ஆனால் அது பானத்தில் அடைத்த காஸுக்கு (வாயுவுக்கு)ப் போடும் வரி, சர்க்கரைக்குப் போடும் வரி அல்ல. சர்க்கரை இல்லாத கோலாவுக்கும் அதே 40. காஸ் இல்லாத மாம்பழ பானத்துக்கோ 2025 செப்டம்பரில் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள், அதில் சர்க்கரை கோலாவுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தாலும். பிள்ளைகள் விரும்பிக் குடிப்பது அதைத்தான். சர்க்கரையைக் குறைத்தால் லாபம் என்ற நெருக்கடி எந்த நிறுவனத்துக்கும் இல்லாத ஒரு வரியை வைத்துப் பல்லுக்கு எந்த நன்மையும் நடக்காது என்பது என் கருத்து.

தண்ணீர் விஷயத்தையும் விட்டுவிட முடியாது. தோல் கழிவு கலந்த பாலாற்றங்கரையில் வாழ்ந்து பழகிய நாங்கள் கிணற்றையும் குழாயையும் நம்பாமல் கேன் தண்ணீருக்கு மாறி ரொம்ப நாளாகிறது. கேன் தண்ணீர் பெரும்பாலும் ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்தது, பல்லை இறுக்கும் ஃபுளோரைடையும் அது வடிகட்டிவிடும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் ஃபுளோரைடு மிகுந்து பல் பழுப்பேறியவர்களைப் பார்த்து, ஃபுளோரைடு என்றாலே விஷம் என்று நினைப்பவர்கள் இங்கே உண்டு. கூடினால் கறை, இல்லாமலே போனால் சொத்தை. இரண்டுக்கும் நடுவில்தான் பல் பிழைக்கும். கேன் தண்ணீர் குடிக்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஃபுளோரைடு பற்பசைதான் அந்த நடு. மூன்று வயசு வரை அரிசி அளவு, பிறகு பட்டாணி அளவு. ராத்திரி படுக்கும் முன் பெரியவர்கள் தேய்த்துவிட வேண்டும், நுரையைத் துப்பினால் போதும், வாயைக் கொப்பளித்துக் கழுவிவிட வேண்டாம். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்று சொன்ன காலத்தில் கையில் பாட்டிலோடு யாரும் பஸ் ஏறவில்லை.

கலரே வேண்டாம் என்று வீட்டில் சட்டம் போட்டு ஜெயித்தவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் சாப்பாட்டோடு வாங்கிக் கொடுங்கள். டம்ளரில் ஊற்றி, உட்கார்ந்த இடத்தில் குடித்து முடிக்கட்டும். பின்னால் ஒரு டம்ளர் தண்ணீர். உடனே பிரஷ் எடுக்க வேண்டாம், அமிலத்தில் இளகிய எனாமலை அது தேய்த்துவிடும். அரை மணிக்கு மேல் ஆகட்டும். பயணத்தில் கையில் இருக்கும் பாட்டில் தண்ணீர் பாட்டிலாக இருந்தால் போதும். குடியாத்தத்தில் இறங்கும்போது அந்த அப்பாவிடம் இதைத்தான் சொன்னேன். “அப்போ காட்பாடியிலியே குடிச்சி முடிச்சிட்டா பரவால்லன்றீங்களா?” என்றார். ஆமாம் என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை. சளியைப் பற்றித்தான் மறுபடி கேட்டார்.

அந்தப் பையனின் நிலைக்குப் போவதற்கு ரொம்ப முன்பே பல் ஒரு தகவல் அனுப்பும். பிள்ளையை மடியில் சாய்த்து மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டி, சுண்ணாம்புக் கோடு இழுத்த மாதிரி பளபளப்பில்லாத வெள்ளை தெரிந்தால் அதுதான் தொடக்கம். குழி விழாத அந்தக் கட்டத்தில் புட்டியை நிறுத்தி, பிரஷ்ஷும் ஃபுளோரைடும் பிடித்தால் எச்சில் அதைத் திரும்ப மெழுகிவிடும். பழுப்பாகி, குழி விழுந்துவிட்டால் மருத்துவர்தான். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை மாதிரி இடங்களில் பல் மருத்துவப் பிரிவு உண்டு. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் குழந்தைகள் நலத் திட்ட மருத்துவக் குழு பல்லையும் பார்க்கும். அவர்கள் சீட்டு எழுதிக் கொடுத்தால் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

துளையிடாமல், ஊசி போடாமல் சொத்தையை அந்த இடத்திலேயே நிறுத்தும் ஒரு மருந்தும் இப்போது இருக்கிறது, சில்வர் டையமைன் ஃபுளோரைடு. பஞ்சில் தொட்டுத் தடவினால் ஒரு நிமிஷ வேலை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஒரே சங்கடம், சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். பொம்பளப் பிள்ளையின் முன்பல் என்றால் வீட்டில் தயங்குகிறார்கள். நாலு வயசுப் பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்துப் பல் பிடுங்குவதா, இரண்டு வருஷம் கறுப்புப் பல்லோடு வலியில்லாமல் சாப்பிடுவதா என்று அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியிருக்கும். கடைவாய்ப் பல் என்றால் யோசிக்கவே தேவையில்லை, அங்கே கறுப்பு யார் கண்ணிலும் படாது.